கண்ணாடிக்கும் கந்தோருக்கும் நடுவில்

பருத்தித்துறையிலிருந்து 2014இல் கொழும்புக்கு வந்தபோது என் பையில் மூன்று சேர்ட்டுகள் இருந்தன. மூன்றும் பொலியெஸ்டர். ஸ்திரிக்கை போடத் தேவையில்லை, சுருட்டி வைத்தாலும் கசங்காது என்று கடைக்காரர் சொன்னார். தனி அறையில் தங்கப் போகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று வாங்கிவிட்டேன். கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிலுநர் வேலை. முழுக்கைச் சேர்ட், டை, கறுப்புச் சப்பாத்து கட்டாயம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வெள்ளவத்தை அறைக் கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

கண்ணாடியில் பார்த்த அந்த ஆள் கந்தோருக்குப் போய்ச் சேருவதில்லை என்பது விளங்க இரண்டு மாதம் பிடித்தது.

காலி வீதியில் காலை ஏழரைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோட்டையில் இறங்கும்போது முதுகு நனைந்திருக்கும், டை ஒரு பக்கம் போயிருக்கும், சப்பாத்து நுனியில் யாரோ ஒருவரின் முழுப் பாதமும் பதிந்திருக்கும். அப்படியே குளிரூட்டிய அறைக்குள் போய் உட்கார்ந்தால் வியர்வை காய்ந்துவிடும், சுகமாக இருக்கும். எனக்குத்தான் சுகம். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்கள்.

ஒருநாள் காலை என் மேசையில் ஒரு பொடி ஸ்பிரே டப்பா இருந்தது. புதிது. யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து, அதைத் தூக்கிப் பிடித்து, "இது யாருடையது?" என்று முழு அறைக்கும் கேட்கும்படி விசாரித்தேன். ஒருவரும் நிமிரவில்லை. பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கணினியை அவ்வளவு கவனமாகப் பார்த்து அதற்கு முன் நான் கண்டதில்லை.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் குழுவில் மூத்தவரான மட்டக்களப்பு அக்கா என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். "தம்பி, கோவிச்சிராதீங்க. உங்கட சேர்ட் மணக்குது. நீங்க குளிக்காம வாறீங்கண்டு நான் சொல்லல்ல. சேர்ட்டுதான். பருத்தியில ஒண்டு வாங்கிப் போட்டுப் பாருங்க." அவ்வளவுதான். சொல்லிவிட்டு, நான் பதில் தேட அவகாசம் வைக்காமல், காலையில் பார்த்த வவுச்சர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அன்று இரவு நித்திரை வரவில்லை. நாளுக்கு இரண்டு தரம் குளிக்கிறவனைப் பார்த்து இப்படியொரு சொல்லா என்று கோபம். டப்பா வைத்தவரை நினைக்க அதைவிடக் கோபம். ஆனால் அக்கா சொன்னது சரி. அக்குள் வியர்வைக்குத் தானாக மணம் இல்லை. தோலில் இருக்கும் பக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் மணம் வருகிறது. பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், துவைத்தால் விட்டுவிடும். பொலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் துவைத்துக் காய்ந்த சேர்ட் காலையில் நல்ல வாசமாகத்தான் இருக்கும். உடம்புச் சூடு ஏறியதும் போன கிழமை மணமும் சேர்ந்து எழும்பி வரும். நம் மூக்குக்கு அது பழகிவிடுவதால் கடைசியாகத் தெரிய வருவது நமக்குத்தான்.

அடுத்த சம்பளத்தில் புறக்கோட்டை கெய்சர் வீதிக்குப் போய்த் துணி வெட்டுவித்து இரண்டு பருத்திச் சேர்ட் தைத்தேன். நூற்றுக்கு நூறு பருத்தி வாங்கினால் ஸ்திரிக்கையோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டும். பருத்தி அதிகமாகவும் பொலியெஸ்டர் கொஞ்சமாகவும் கலந்த துணி கொழும்புக்கு ஒத்துவரும் என்பது இத்தனை வருடத்துக்குப் பிறகு என் முடிவு. உள்ளே கட்டாயம் ஒரு பெனியன். இன்னும் சூடு கூடுமே என்று கேட்பார்கள். கூடும்தான், ஆனால் முதுகில் ஈரம் வெளியே தெரியாது.

பூசுகிறவற்றிலும் வித்தியாசம் இருக்கிறது. பொடி ஸ்பிரே என்பது பெரும்பாலும் வாசம் மட்டுமே. டியோடரன்ட் மணத்தைக் குறைக்கும், வியர்ப்பதை நிறுத்தாது. வியர்வையையே குறைப்பது அலுமினிய உப்புச் சேர்ந்த வகை, போத்தலில் 'அன்டி பெர்ஸ்பிரன்ட்' என்று போட்டிருக்கும். அதைக் காலையில் அவசரத்தில் பூசுவதைவிட, இரவு குளித்து நன்றாகத் துடைத்த உடம்பில் பூசினால் கூடுதலாக வேலை செய்யும். சலூனில் சவரக் காயத்துக்குச் சீனக்காரம் தடவுகிறார்களே, அதுவும் அலுமினிய உப்புத்தான். மஞ்சள் கறை விழுந்த சேர்ட்டுக்கு வெளிற்றும் திரவம் ஊற்றாதீர்கள், கறை இன்னும் கூடும். கொலர் அழுக்குக்கு சன்லைட் கட்டியை நேராகத் தேய்த்து அரை மணித்தியாலம் விட்டாலே போதும்.

இன்னொன்று, அம்மா அனுப்பும் யாழ்ப்பாணக் கறித் தூளில் வெந்தயம் இருக்கிறது. வெந்தயத்தின் வாசம் வியர்வையில் அப்படியே வரும். அதற்காகத் தூளை விட முடியுமா? முடியாது. வாடிக்கையாளர் கூட்டம் இருக்கிற நாளுக்கு முதல் இரவு கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.

அக்கா சொன்ன பிறகு நான் மறு பக்கம் சாய்ந்தேன். அந்த டப்பா மேசையில் சும்மாதானே இருக்கிறது என்று தினமும் நாலு பக்கமும் அடித்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். அந்த நேரத்தில்தான் தேயிலை நிறுவனமொன்றுக்குக் கணக்காய்வுக்கு அனுப்பினார்கள். 1883இலிருந்து கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது, அந்த உலகத்துக்கென்று தனிப் பழக்கங்கள் உண்டு. மாதிரி இருப்பு எவ்வளவு என்று பார்க்கச் சுவை பார்க்கும் அறைக் கதவைத் திறந்தேன். நீள மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் சாயம். ஏப்ரன் கட்டிய பெரியவர் ஒருவர் கரண்டியால் உறிஞ்சி, பக்கத்துப் பாத்திரத்தில் துப்பி, அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தார். நான் இரண்டு அடி வைத்திருப்பேன். அவர் திரும்பாமலே கையை உயர்த்தினார். "யார் வந்தது? வெளியே நில்லுங்க மகன், தயவு செய்து." பிறகு வெளியே வந்து தணிவாகச் சொன்னார்: தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும், வேலை நாளில் அவர் வாசனைச் சவர்க்காரம்கூடப் போடுவதில்லையாம். மாதிரி இருப்பை வேறொருவர் எண்ண, நான் கதவுக்கு வெளியே நின்று குறித்துக்கொண்டேன்.

மணத்தால் ஒரு முறை, வாசத்தால் ஒரு முறை என்று இரண்டு தரம் படித்தாயிற்று. இப்போது என் அளவு இதுதான்: கை கொடுக்கும் தூரத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியக்கூடாது.

இனி அந்த ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு வருகிறேன். உடை பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் முக்கால்வாசி குளிர் நாட்டுக்காரர்களுக்கு எழுதியவை. அவர்களுக்கு வீட்டில் போட்டது வேலையிடம் வரைக்கும் அப்படியே வரும். நமக்கு வராது. ஆகவே வீட்டில் பாதி, கந்தோரில் பாதி என்று பிரித்துக்கொண்டேன். டையை வீட்டில் கட்டுவதை விட்டேன், அது பையில் சுருட்டி வரும். வேலை தொடங்க இருபது நிமிடத்துக்கு முன் போய்விடுவேன். முதலில் கீழ்த் தளத்தில் மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் நிற்பது. ஈரத்தோடு ஏசிக்குள் போகாமல் இருப்பதுதான் முக்கியம். பிறகு முகம் கழுவி, தலை சீவி, டை கட்டி, சப்பாத்தைத் துடைத்து மேலே போவேன். பையில் எப்போதும் இரண்டு லேஞ்சி, ஒன்று முகத்துக்கு, மற்றது சப்பாத்துக்கு. இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கக்கூடாது என்பதை எப்படிக் கற்றேன் என்று கேட்காதீர்கள். (லேஞ்சி, சப்பாத்து இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள், கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. சொல்லையும் உடுப்பையும் தந்தவர்கள் நம் வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை.)

டை பற்றி ஒரு வெட்கக்கேடு. முடிச்சுப் போடத் தெரியாததால் பக்கத்து அறை நண்பன் ஒருமுறை கட்டித் தந்ததை அவிழ்க்காமல், சுருக்குப் போலத் தலைவழியாக மாட்டி மாட்டி மூன்று மாதம் ஓட்டினேன். ஒருநாள் தற்செயலாக அவிழ்ந்தது. வெளியே நீலம், முடிச்சுக்கு உள்ளே இருந்த துண்டு தேங்காயெண்ணெயும் வியர்வையும் ஊறிக் கறுத்து மெழுகுபோல் இருந்தது. இரவில் அவிழ்த்துத் தொங்கவிட்டால் சுருக்கமும் போகும், காற்றும் படும்.

பஸ் வேண்டாம், ரயிலில் போகலாம் என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு. வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரைக்கும் பெரும்பகுதி கடலோரம். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் இடப்பக்கக் கதவருகே தொங்கினால் கறுப்பு லோங்ஸில் உப்புப் பூத்துவிடும். அந்த உப்புக் காற்று அறைக்குள்ளும் வருகிறது. கம்பி ஹேங்கர் துருப்பிடித்து என் வெள்ளைச் சேர்ட்டின் இரண்டு தோளிலும் தவிட்டு நிறத்தில் கோடு போட்டது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் ஹேங்கர்தான்.

சப்பாத்துக்கு ஈரப்பதன் செய்வது அதைவிட மோசம். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். மாதக்கணக்கில் சப்பாத்து கட்டிலுக்குக் கீழே கிடந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் எடுத்தால் மேலே பச்சையாகப் பூஞ்சணம். துடைத்து, கிவி பொலிஷ் போட்டு, பளபளவென்று ஆக்கி மாட்டிக்கொண்டு வாடிக்கையாளரின் கட்டடத்துக்குள் போனேன். வெள்ளை மாபிள் தரை. வரவேற்பு மேசையில் பெயர் எழுதிவிட்டுத் திரும்பினால், நான் வந்த வழி முழுக்கக் கறுப்புத் துகள், யாரோ கருகின முறுக்கை உடைத்துப் போட்ட மாதிரி. சப்பாத்தின் அடி உதிர்ந்துகொண்டிருந்தது. லிப்டுக்குப் போக முன் இடது கால் அடி முழுதாகக் கழன்றது. பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒரு சுற்று செலோடேப் தந்தார். அன்று முழுக்க மேசைக்கு வெளியே கால் நீட்டவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். அந்த அடி பொலியூரிதேன். காற்றிலுள்ள ஈரம் பட்டுப் பட்டு அது தானாகவே சிதையும். போடாமல் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம், அது சும்மா கிடந்தே உதிர்ந்துவிடும். இப்போது வாங்கும்போது ரப்பர் அடிதானா என்று கேட்டு வாங்குகிறேன். இரண்டு சோடி வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடுகிறேன். நனைந்து வந்தால் உள்ளே பழைய வீரகேசரித் தாளைத் திணித்து மின்விசிறிக்குப் பக்கத்தில் வைப்பேன். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

எங்கே போகிறோம் என்று பார்த்து உடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கு பெரும்பாலான நிறுவனங்களுக்கு மார்ச் 31 கணக்கு முடிவு. அன்று களஞ்சியங்களில் சரக்கு எண்ண நிற்க வேண்டும். முதல் வருடம் வெள்ளைச் சேர்ட்டும் டையுமாகப் போய் மூட்டைகளுக்கு நடுவே ஏறி இறங்கினேன். நகரும் பட்டிக்குப் பக்கத்தில் போனபோது களஞ்சியப் பொறுப்பாளர் ஓடி வந்து டையைக் கழற்றச் சொன்னார். இயந்திரம் டையைப் பிடித்தால் கழுத்தையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

2022 மார்ச் 31 மறக்காது. அன்று நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு. கைபேசி வெளிச்சத்தில் சரக்கு எண்ணினோம். அந்த நாட்களில் ஸ்திரிக்கை போடக் கரண்ட் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு வேலை. கசங்கிய சேர்ட்டோடு போகிறேனே என்று அப்பாவிடம் தொலைபேசியில் புலம்பினேன். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். "உதுக்கே கஷ்டப்படுறாய்? ஈரத்தோட நல்லா உதறி, கொலரையும் பட்டன் பட்டியையும் கையால இழுத்துவிட்டுக் காயப்போடு. லோங்ஸை மெத்தைக்குக் கீழ வைச்சுப் படு. காலமை எழும்பிப் பார்."

சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை, பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் தட்டுப்பாடு. பனம்பழத்தைப் பிசைந்து அதில்தான் உடுப்புத் தோய்த்தார்களாம். கொடியில் காய்வதை மாடு வந்து சப்பிவிடும் என்பதால் சின்னப் பிள்ளைகளான எங்களைக் காவலுக்கு வைத்தது எனக்கே கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அம்மம்மாவின் பித்தளை ஸ்திரிக்கைப் பெட்டி, மூடியில் சேவல் கொண்டை வைத்தது, உள்ளே சிரட்டைக் கரி. அதை வைத்து அப்பா ஒரு நாளும் கசங்கின வேட்டியோடு பள்ளிக்கூடம் போகவில்லை. மெத்தை வித்தை நன்றாகவே வேலை செய்தது என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

பெண்களின் உடுப்பைப் பற்றி நான் எழுதினால் என் சொந்த அக்கா அடிக்க வருவாள், அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அவள் அரச திணைக்களத்தில் இருக்கிறாள். 2019 மே கடைசியில் பெண் உத்தியோகத்தர்கள் சாரி அல்லது ஒசரிதான் (கண்டிச் சாரி) உடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்புக் கிளம்பி, பிறகு திருத்தினார்கள். 2022 செப்டெம்பரில், பொருளாதார நெருக்கடியில், கந்தோருக்குப் பொருத்தமான கண்ணியமான உடை எதுவும் போடலாம் என்று இன்னொன்று வந்தது. ஆனாலும் மக்கள் வரும் நாட்களில் அவள் சாரிதான். ஏனென்று கேட்டேன். "சாரி கட்டினால் மேடம், சல்வார் போட்டால் மிஸ், பாவாடை சட்டை என்றால் நங்கி (சிங்களத்தில் தங்கச்சி). அதே கையெழுத்தைத்தான் போடுகிறேன்" என்றாள். பொட்டும் எப்போதும் இருக்கும். அம்மா கொழும்புக்கு வந்து பஸ்ஸில் ஏறினால், யுத்தக் காலத்துச் சோதனைச் சாவடியெல்லாம் போய் இத்தனை வருடமாகியும், பொட்டை அழிக்கக் கை ஒருமுறை நெற்றிக்குப் போய்த் திரும்பும். அக்காவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நம் ஆட்களுக்கே உரிய இரண்டு விசயம். கார்த்திகையில் ஐயப்பன் மாலை போடுகிறவர்கள் தாடியோடும் கறுப்பு உடுப்போடும் வருவார்கள். மாலை போட முன்னரே மேலதிகாரியிடம் போய், இத்தனை நாள், இன்ன காரணம் என்று சொன்னால் சிங்கள மேலதிகாரியும் மதிப்பார். இரண்டாம் கிழமை தாடியைப் பார்த்துவிட்டு அவராகக் கேட்கும்போது சொன்னால் அது சாட்டுப் போலாகிவிடும். மற்றது, மேசை லாச்சியில் ஒரு வெள்ளைச் சேர்ட். கூட வேலை செய்கிறவர் வீட்டில் சாவு என்றால் மதியமே வான் பிடித்துப் போவார்கள், சிங்களச் சாவு வீட்டில் எல்லோரும் வெள்ளை. நான் ஒருமுறை சிவப்புக் கோடு போட்ட சேர்ட்டோடு போய் மரத்தோடு ஒட்டி நின்றேன்.

போன ஒக்டோபரில் படிக்கட்டுப் பக்கம் ஒருவரைக் கூப்பிட வேண்டிய முறை எனக்கு வந்தது. ஹற்றனிலிருந்து வந்த தம்பி, கெட்டிக்காரன். கொட்டாஞ்சேனையில் ஜன்னலில்லாத அறை. பின்னேர மழை தொடர்ந்து பெய்த நாட்கள். அவனுடைய சேர்ட்டில் நனைந்த சாக்கு மணம். ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "அண்ணா, ஒரு ஸ்பிரே வாங்கி அவன்ட மேசையில வைப்பமா?" என்று கேட்டது. வேண்டாம் என்றேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, அந்தப் பிள்ளை பயந்துவிட்டது.

காலையில் சொன்னால் நாள் முழுக்கக் கூசிக்கொண்டு உட்காருவான். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன். உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அறையைப் பற்றிப் பேசினேன். அறைக்குள் காயும் துணியில் ஈரம் நீண்ட நேரம் நின்றால் அந்த மணம் வரும், எனக்கும் இப்படி ஒன்று இருந்தது, ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும். நன்றாகப் பிழிந்து, துணிக்குத் துணி இடைவெளி விட்டு, மின்விசிறியைத் துணிக்கு நேரே போடு. முடியாவிட்டால் மழை மாதங்களில் மட்டும் லோன்ட்ரிக்குக் கொடு. பாதி காய்ந்ததை ஸ்திரிக்கையால் காய வைத்து மடித்து வைக்காதே.

காது சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "சரிண்ணே" என்றான். போகத் திரும்பியவன் நின்றான்.

"அண்ணே, நானும் ஒன்னு சொல்லவா?"

"சொல்லு."

"காலையில இருந்து ஒங்க டையில பருப்பு ஒட்டியிருக்கு. எப்புடிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."